முப்பத்தேழாம் எண்ணின் விலாசம்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, ஹேர்னிங்கில் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடம் நடக்கும் கட்டடத்தின் வாசலில் ஒரு இளம் தாய் என்னைத் தனியே கூப்பிட்டார். பிள்ளையை வகுப்பில் விட்டுவிட்டு வந்தவர், அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தணித்தார்.

"அன்ரி, நீங்கள் அந்தக் கந்தோரிலை கன வருசம் வேலை செய்தனீங்களாம். மூத்தவள் வாற வருசம் ஜிம்னாசியத்திலை படிக்கப் போடவேணும். ஆற்றை விலாசம் குடுத்தா நல்லது?"

"உங்கட விலாசத்தைக் குடுங்கோ."

"அது தெரியும் அன்ரி. சும்மா கேக்கிறன், ரவுணுக்குள்ளை இருக்கிற ஆற்றையும் விலாசத்தைக் குடுத்தா..."

"நீங்கள் படுத்து எழும்புற வீட்டு விலாசத்தைக் குடுங்கோ," என்று கொஞ்சம் உரத்தே சொல்லிவிட்டேன். அவருக்கு முகம் கறுத்துப் போனது. எனக்கும் பிறகு கவலையாக இருந்தது. என் கோபம் எங்கே இருந்து வருகிறது என்று அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்?

ஆண்டு மலருக்கு என் வேலையைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று இங்குள்ள இளம் ஆசிரியைகள் மூன்று வருடமாகக் கேட்கிறார்கள். நான் என்ன, கப்பலா ஓட்டினேன் எழுதுவதற்கு என்று தட்டிக் கழித்து வந்தேன். அன்று வீட்டுக்குப் போன உடனே மேசையில் இருந்துவிட்டேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஜிம்னாசியம் இருந்த ஊரின் பெயரையும் சொல்லப் போவதில்லை, 'நகரம்' என்றே எழுதுகிறேன். மற்றதெல்லாம் நடந்தபடி.

நான் இந்த நாட்டுக்கு வந்த கதை உங்கள் தாய் தகப்பன் வந்த கதைதான். அதைத் திருப்பிச் சொல்லி நேரத்தை வீணாக்க மாட்டேன். ஹேர்னிங்கில் ஒரு தையல் தொழிற்சாலையில் ஆறு வருடம் காற்சட்டைக்குச் சிப் வைத்தேன். வேலை முடிந்து டெனிஷ் வகுப்பு, பிறகு அலுவலகப் பயிற்சி, பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் கடிதம் மடிக்கும் வேலை. அங்கே இருந்துதான், அந்தப் பகுதியின் அரசாங்க ஜிம்னாசியங்களுக்கு மாணவர்களைப் பங்கிடும் குழுவின் அலுவலகத்துக்கு எடுத்தார்கள். ஒன்பதாம், பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் அடுத்த மூன்று வருடம் படிக்கும் இடம் ஜிம்னாசியம். எந்த ஜிம்னாசியம் வேண்டும் என்று பிள்ளைகள் விரும்பி எழுதுவார்கள். எல்லோரும் ஒரே இடத்தை எழுதினால் என்ன செய்வது என்பதுதான் எங்கள் வேலை.

அலுவலகத்தில் நாங்கள் இரண்டே பேர். மற்றவர் கிர்ஸ்டன், என் மேலதிகாரி. கட்டையாக வெட்டிய நரைமுடி, மழையோ பனியோ சைக்கிளில்தான் வருவார். மதியம் கறுப்புப் பாண் ரொட்டியை நான்கு துண்டாக வெட்டி, நான்கையும் ஒரே அளவான இடைவெளியில் தட்டில் வைப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. பாராட்டியும் கேட்டதில்லை. நல்ல வேலை செய்தால் "இதில் பிழையில்லை" என்பார். முதல் வருடம் அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது. இரண்டாம் வருடம் அந்த வார்த்தைக்காகக் காத்திருக்கத் தொடங்கினேன்.

அவரிடம் ஒரு மட்டை இருந்தது. பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தில் வெட்டியது, இரண்டு விரல் அகலம். விண்ணப்பங்களின் பட்டியலை அச்சடித்த உடனே, பெயர்கள் இருக்கும் நிரலின் மேல் அந்த மட்டையை வைத்து மேலும் கீழும் கவ்வி போட்டுவிடுவார். அதற்குப் பிறகு எங்களுக்கு முன்னால் இருப்பது எண், தபால் இலக்கம், நிமிடங்கள், அவ்வளவுதான். பங்கீடு முடிந்து கடிதம் அச்சடிக்கும் வரைக்கும் அந்த மட்டையை எடுக்கக் கூடாது.

"பெயரைப் பார்த்தால் நீ யாரையோ நினைப்பாய். நானும் நினைப்பேன்," என்றார் முதல் நாள். டெனிஷில் எல்லோரும் எல்லோருக்கும் 'நீ'தான்.

முறை இதுதான். நகரத்து ஜிம்னாசியத்துக்கு இடத்தை விடக் கூடுதலான பேர் எழுதியிருந்தால், அதிலே யாருக்கு இன்னொரு ஜிம்னாசியம் எளிதாகப் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் இருக்கிறதோ, அவர்களை முதலில் அங்கே மாற்றுவோம். வேறு வழியே இல்லாத பிள்ளையை அசைக்க மாட்டோம். வீட்டு வாசலில் இருந்து மற்றப் பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸிலும் ரயிலிலும் எத்தனை நிமிடம் என்று பார்த்து, குறைந்த நிமிடம் உள்ளவர்களில் இருந்து ஒவ்வொருவராக எடுப்போம். கடிதம் போன பிறகு யாராவது ஆட்சேபித்தால், பயணம் ஒரு வழிக்கு ஒரு மணித்தியாலத்தைத் தாண்டுகிறது என்று நிரூபித்தால் மட்டுமே திருப்பி எடுப்போம்.

எங்கள் ஆட்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று வாசிக்க வேண்டும். ஊரில் பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட இருக்கிற பிள்ளைக்குத்தான் இடம். அதனால் கிட்ட இருக்கிற மாமா வீட்டு விலாசத்தையோ பெரியம்மா வீட்டு விலாசத்தையோ கொடுப்போம். அதைக் களவு என்று யாரும் நினைப்பதில்லை, பிள்ளையில் அக்கறை என்றுதான் நினைப்போம். எங்கள் குழுவில் கணக்கு மறுபக்கம் ஓடியது. கிட்ட இருப்பதை அல்ல, வேறு வழி இல்லாததைத்தான் பார்த்தோம்.

என் முதல் வசந்தகாலத்தில் ஒரு எண்ணை இன்னொரு ஊருக்கு மாற்றினேன். கால அட்டவணையின்படி நாற்பத்து நான்கு நிமிடம். கிர்ஸ்டன் பென்சிலை அந்த எண்ணில் வைத்துக் கேட்டார்: "இந்த பஸ்ஸில் நீ ஏறிப் பார்த்தாயா?"

"அட்டவணையில் இருக்கிறது."

"அட்டவணை பள்ளிக்கூடம் போகாது."

அடுத்த நாள் காலை என்னை அந்தக் கிராமத்துக்கு அனுப்பினார். மழை. பஸ் சரியாக வந்தது, சரியாகப் போனது. ஆனால் இறங்கிய தரிப்பிடம் பெருவீதியின் மறுகரையில் இருந்தது. கடக்க வழி இல்லை, பாலம் ஒரு கிலோமீற்றர் தள்ளி. நான் நனைந்து நடந்து போய்ச் சேர்ந்தபோது ஒரு மணித்தியாலம் தாண்டிவிட்டது. திரும்பி வந்து தலையைத் துவட்டியபடி சொன்னேன். கிர்ஸ்டன் அந்த எண்ணை அழித்துவிட்டு எனக்குக் கோப்பி ஊற்றித் தந்தார். அன்று முதல், ஒரு பிள்ளையை அனுப்பும் புதுப் பாதை எதுவானாலும் எங்களில் ஒருவர் அதில் போய் வந்திருக்க வேண்டும் என்பது எனக்கும் சட்டமாகிவிட்டது.

இனி முப்பத்தேழாம் எண்ணுக்கு வருகிறேன்.

அது நான் அங்கே சேர்ந்து பத்து வருடத்துக்கு மேல். நகரத்து ஜிம்னாசியத்துக்கு வழமையை விடக் கூடுதலான பேர் எழுதியிருந்தார்கள். மட்டை பட்டியலின் மேல் இருந்தது. முப்பத்தேழின் தபால் இலக்கம் நகரத்து ரயில் நிலையப் பகுதிக்குரியது. வடக்கே இருக்கும் அடுத்த ஜிம்னாசியத்துக்கு நேர் ரயில், வாசலில் இருந்து வாசலுக்கு முப்பது நிமிடம்கூட இல்லை. அந்த ரயிலில் நான் பல தடவை போயிருக்கிறேன். யோசிக்கவே தேவை இல்லாத எண். நான்தான் அதற்குப் பக்கத்தில் கோடு போட்டேன்.

புதன்கிழமை கடிதங்களை மடித்தபோது அந்த எண்ணுக்கு ஒரு பெயர் வந்தது. ஆரணி சிவநேசன்.

எனக்கு அந்தப் பிள்ளையைத் தெரியும். தகப்பன் சிவநேசன் பிராண்டேயில் காற்றாலை செய்யும் தொழிற்சாலையில் வேலை. தாய் ரஞ்சினி முதியோர் இல்லத்தில் வேலை, ஊரில் எங்கள் அயல் கிராமம், கோயிலில் என்னோடு சேர்ந்து பூக் கட்டுகிறவர். அவர்கள் இருப்பது நகரத்தில் இருந்து பஸ்ஸில் முப்பத்தைந்து நிமிடம் தள்ளி, வயலுக்கு நடுவே ஒரு சின்ன இடத்தில். கடிதத்தில் இருந்த விலாசம் ரஞ்சினியின் தம்பி குலத்தின் வீடு. அந்த வீட்டுக்கு நான் ஒரு பிறந்தநாளுக்குப் போயிருக்கிறேன். இரண்டு அறை. குலமும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் படுத்தாலே கால் நீட்ட இடம் இல்லை.

ஒரு நொடியில் எல்லாம் விளங்கியது. பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட இருந்தால் இடம் நிச்சயம் என்று நினைத்து, பிள்ளையின் பதிவை மாமா வீட்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். அந்த விலாசம்தான் அவளை வடக்கே தள்ளியது. உண்மையான விலாசம் இருந்திருந்தால் அவளுடைய எண் பட்டியலில் எங்கோ கீழே கிடந்திருக்கும், நாங்கள் தொட்டிருக்கவே மாட்டோம்.

அந்த நேரம் நான் எழும்பி கிர்ஸ்டனின் மேசைக்குப் போயிருக்க வேண்டும். விண்ணப்பகாரர் தெரிந்தவர் என்றால் உடனே சொல்லிவிட்டு விலக வேண்டும், அதுதான் விதி. நான் எழும்பவில்லை. கடிதத்தை உறையில் போட்டு ஒட்டினேன். மற்றக் கடிதங்களோடு அதுவும் தபாலுக்குப் போனது. எனக்கு என்னைப் பற்றி வெட்கமாக இருந்தது. இருந்தும் வியாழன் சொல்லவில்லை, வெள்ளி சொல்லவில்லை.

ஞாயிறு பின்னேரம் அவர்களே என் வீட்டுக்கு வந்தார்கள். சிவநேசன், ரஞ்சினி, ஆரணி. ரஞ்சினியின் கையில் ஒரு பெட்டி வடை. வடைப் பெட்டியைக் கண்ட உடனேயே என் மனிசன் ஏதோ அலுவல் இருப்பதுபோல் குசினிக்குள் போய்த் தேத்தண்ணி வைக்கத் தொடங்கிவிட்டார்.

சிவநேசன் கடிதத்தை மேசையில் வைத்தார். "அக்கா, இதை நீங்கள்தான் அனுப்பினியளோ?"

"ஓம். நான்தான் மடிச்சனான்."

"பேரைப் பாத்துமோ?"

"மடிக்கேக்கைதான் பேர் தெரிஞ்சது."

ரஞ்சினி என் கையைப் பிடித்துக்கொண்டார். "பெரியவனும் வடக்காலைதான், தானே விரும்பி எழுதிப் படிக்கப் போனவன், உங்களுக்குத் தெரியும்தானே. விடிய ஆறு மணிக்கு முன்னம் வெளிக்கிட்டு அந்த பஸ்ஸும் அந்த ரயிலும். முதல் குளிரோடை விட்டிட்டான். இப்ப இவரோடை தொழிற்சாலையிலை நிக்கிறான். இவளும் அப்பிடிப் போயிடுவாள் அக்கா. நீங்கள் அங்கை இருக்கிறியள், ஒரு சொல்லுச் சொன்னாக் காணும்."

"அந்த விலாசத்தோடை நான் ஒரு சொல்லும் சொல்லேலாது ரஞ்சினி."

"விலாசத்தைப் பற்றிக் கதைக்க வேண்டாம்," என்றார் சிவநேசன் சட்டென்று. "அதைத் தோண்டினா குலத்துக்கும் கரைச்சல், எங்களுக்கும் கரைச்சல். விலாசப் பதிவு பாக்கிற கொம்யூன் பொலிசிலை குடுத்தா? விலாசம் அப்பிடியே இருக்கட்டும். இடத்தை மட்டும் மாத்தித் தாங்கோ."

"அந்த விலாசந்தானே அண்ணை அவளை வடக்காலை தள்ளினது!" என் குரல் உயர்ந்துவிட்டது. எங்கள் முறையை விளங்கப்படுத்தினேன். கிட்ட இருப்பதைப் பார்ப்பதில்லை, வேறு வழி இல்லாததைத்தான் பார்ப்போம் என்றேன். ரஞ்சினி வாயில் கையை வைத்தார். சிவநேசன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பின்பக்கத்தில் வேறு ஏதாவது எழுதியிருக்கும் என்பதுபோல.

"அப்ப நாங்களே பிள்ளைக்குக் குழி வெட்டினமோ?" என்றார் ரஞ்சினி. பிறகு கோபம் வந்தது அவருக்கு. "நீங்கள் மட்டும் என்ன அக்கா? பெரியம்மா வீட்டு விலாசத்திலைதானே ரவுண் பள்ளிக்கூடத்திலை படிச்சனீங்கள்? ஊருக்கே தெரியும்."

அது உண்மை.

"ஓம், படிச்சனான்," என்றேன். "அந்தக் கதிரையிலை இருந்திருக்க வேண்டிய பிள்ளை ஆரெண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. நான் தேடவும் இல்லை. அதுக்காக இதை மூடிவைக்கச் சொல்லாதேங்கோ."

புதன்கிழமை தொடங்கி எனக்குள்ளே குழம்பிக்கொண்டிருந்தது அந்த நிமிடத்தில் தெளிந்துவிட்டது. என்ன செய்ய வேண்டும் என்பது எப்போதும் தெரிந்ததுதான், செய்யத்தான் துணிவு இல்லாமல் இருந்தேன்.

"நாளைக்கு எட்டு மணிக்கு நான் வேலைக்குப் போவன்," என்றேன். "போன உடனை கிர்ஸ்டனிட்டைச் சொல்லுவன். உங்களைத் தெரியும் எண்டும் சொல்லுவன், விலாசம் பிழை எண்டும் சொல்லுவன். அதுக்கு முன்னம் நீங்களே எழுதி அனுப்பினா அது திருத்தம். நான் சொன்னாப் பிறகு எழுதினா அது பிடிபட்ட கதை. உங்களுக்கு நாளைக்கு எட்டு மணி வரைக்கும் இருக்கு."

"எங்களைக் காட்டிக் குடுக்கப் போறியளோ?" சிவநேசன் எழும்பிவிட்டார்.

"எட்டு மணிக்கு அண்ணை."

அப்போது ஆரணி டெனிஷில் சொன்னாள், "நானே எழுதுகிறேன்."

"நீ சும்மா இரு," என்றார் தகப்பன் தமிழில்.

"நான் மாமா வீட்டில் ஒரு நாள்கூட இருந்ததில்லை. அண்ணா சொல்வது உங்களுக்குத் தெரியும், அந்த பஸ் ஒருநாளும் அந்த ரயிலைப் பிடிப்பதில்லை." அதையும் டெனிஷிலேயே சொன்னாள். என்னை அவள் பார்க்கவே இல்லை.

"வா போவம்," என்று சிவநேசன் சப்பாத்தைப் போடப் போனார். மனிசன் தேத்தண்ணியோடு வந்தபோது வாசல் கதவு சாத்தியிருந்தது. வடைப் பெட்டி மட்டும் மேசையில் இருந்தது. நாங்கள் அதைத் தொடவில்லை.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்க அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். கிர்ஸ்டன் சைக்கிள் தொப்பியைக் கழற்றிக் கொளுவிக்கொண்டிருந்தார். கோட்டைக் கழற்றாமலே போய் அவருக்கு முன்னால் நின்றேன்.

"முப்பத்தேழாம் எண்ணை நான் தொடக் கூடாது. அந்தக் குடும்பத்தை எனக்குத் தெரியும்."

"எப்போது அறிந்தாய்?"

"கடிதம் மடித்தபோது."

"புதன்கிழமை." அவர் நாட்காட்டியைப் பார்த்தார். "இன்று திங்கள்."

"ஓம்," என்று தமிழில் வந்துவிட்டது எனக்கு. பிறகு டெனிஷில் சொன்னேன். "இன்னும் ஒன்று இருக்கிறது."

அவர் கையை உயர்த்தினார். "கொஞ்சம் பொறு." வழமையாக எட்டு மணிக்கு அலுவலக மின்னஞ்சலைத் திறப்பார். எந்த வெள்ளம் வந்தாலும் எட்டு மணிக்குத் திறப்பார். நான் கோட்டோடு நின்றேன். அந்தக் கடிதம் வந்திருக்க வேண்டும் என்று நான் அன்று வேண்டியதுபோல் கோயிலில்கூட வேண்டியதில்லை.

கிர்ஸ்டன் நீண்ட நேரம் திரையைப் பார்த்தார். பிறகு திரையை என் பக்கம் திருப்பாமலே வாசித்தார், ஏனென்றால் அந்த எண் இனி என்னுடையது அல்ல, நான் அதைப் பார்க்கக் கூடாது. கேட்கலாம் போலிருக்கிறது.

"என் பெயர் ஆரணி. என் விலாசம் என்று உங்களிடம் இருப்பது என் மாமாவின் வீடு. நான் அங்கே வசித்ததில்லை. பெப்ரவரியில் பதிவை மாற்றியபோது நானும் சம்மதித்தேன், அது பிழை. நான் என் அப்பா அம்மாவோடு கிராமத்தில் வசிக்கிறேன். இதனால் எனக்கு இடம் கிடைக்காவிட்டாலும் விலாசத்தைத் திருத்திவிடுங்கள்." கீழே தாயும் தகப்பனும் பெயர் எழுதியிருந்தார்கள். நேரம் ஏழு நாற்பது.

"நீ சொல்ல இருந்தது இதுதானா?" என்று கேட்டார் கிர்ஸ்டன்.

"இதுதான்."

"அப்படியானால் கோட்டைக் கழற்று."

இத்தோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். முடியவில்லை. கடிதம் போய்விட்டது, இடம் நிரம்பிவிட்டது. இனி இது ஒரு ஆட்சேபம். ஒரு மணித்தியாலத்தைத் தாண்டினால் மட்டுமே திருப்பி எடுக்கலாம். கிராமத்தில் இருந்து பஸ்ஸில் ஒரு சின்ன நிலையம், அங்கே இருந்து ரயிலில் வடக்கு. அட்டவணையில் ஐம்பத்தெட்டு நிமிடம். இரண்டு நிமிடம் குறைவு. கிர்ஸ்டன் அதை எனக்குச் சொல்லவில்லை. அட்டவணை எனக்கு மனப்பாடம்.

அந்தப் பாதையில் நாங்கள் யாரையும் அனுப்பியதில்லை, அதனால் இருவரும் அதில் போனதும் இல்லை. நான் போகவும் முடியாது. செவ்வாய்க்கிழமை கிர்ஸ்டனின் மேசை பத்து மணி வரை வெறுமையாக இருந்தது. புதன்கிழமையும் அப்படியே. புதன் வந்து இருந்தவர் சப்பாத்தைக் கழற்றி ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார்:

"அந்த நிலையத்துக்கு முன்னால் ஒரு ரயில் கடவை இருக்கிறது. பஸ் சரியான நேரத்துக்கு அங்கே வருகிறது. கேற் விழுகிறது. ரயில் போகிறது. அது எந்த ரயில் தெரியுமா? அந்த பஸ்ஸில் இருப்பவர்கள் ஏற வேண்டிய ரயில்." கோப்பியை ஊற்றினார். "இரண்டு நாளும் நான் பஸ்ஸுக்குள் இருந்து அதைப் பார்த்தேன். என்னோடு ஏழு பேர் பார்த்தார்கள். யாருக்கும் ஆச்சரியமாக இருக்கவில்லை. அடுத்த ரயில் அரை மணி கழித்து."

அவர் சிரித்து நான் கண்ட ஒரே நாள் அது. அது கோபச் சிரிப்பு.

குழுவுக்கு அவர் எழுதியது மூன்று வசனம். பயணம் எண்பத்தெட்டு நிமிடம், இரண்டு நாள் அளந்தது, முப்பத்தேழாம் எண் நகரத்திலேயே இருக்க வேண்டும். யாருடைய இடத்தையும் பறிக்கவில்லை. நகரத்து ஜிம்னாசியத்தின் அதிபர் வகுப்பில் ஒரு கதிரையைக் கூடுதலாகப் போட்டார். கொம்யூன் சிவநேசனுக்கும் குலத்துக்கும் கண்டித்து ஒரு கடிதம் அனுப்பிப் பதிவைத் திருத்தியது. பொலிஸ் வரவில்லை.

வெள்ளிக்கிழமை கிர்ஸ்டன் என்னைக் கூப்பிட்டு, என் கோப்பில் ஒரு குறிப்பு வைக்கப் போவதாகச் சொன்னார். வைக்க முன்னம் வாசித்துக் காட்டினார். "மனோ புதன்கிழமை அறிந்ததைத் திங்கட்கிழமை சொன்னார். யாரும் கேட்காமல் தானாகச் சொன்னார்."

"இரண்டாவது வசனத்தை ஏன் எழுதினாய்?" என்று கேட்டேன்.

"இரண்டும் நடந்தது," என்றார்.

நான் ஓய்வு பெற்ற நாளிலும் அந்தத் தாள் என் கோப்பில் இருந்தது. எடுத்துவிடவா என்று புதிதாக வந்தவர்கள் கேட்டார்கள். வேண்டாம், அதில் பிழையில்லை என்றேன்.

ஆனால் அந்தத் திங்கட்கிழமைக்கு எங்கள் ஆட்களிடம் நான் கொடுத்த விலை வேறு. எட்டு மணி என்று நான் கெடு வைத்தது கோயில் முழுக்கப் பரவியது. பிள்ளைக்கு இடம் கிடைத்தது அவ்வளவு வேகமாகப் பரவவில்லை. குலம் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். "அவவிட்டை ஒண்டும் கதைக்காதேங்கோ, அங்கை போய்ச் சொல்லிப் போடுவா," என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். ரஞ்சினி பூக் கட்டும் மேசையில் எனக்கு எதிர்ப்பக்கத்துக்கு மாறி, பிறகு வராமலே விட்டுவிட்டார். அதுதான் எனக்குச் சுட்டது. நான் செய்தது சரி என்பதில் எனக்கு ஒரு நாளும் ஐமிச்சம் வந்ததில்லை. சரியாகச் செய்தால் நோகாது என்று யார் சொன்னது?

நோகுகிறது என்று வீட்டில் இருக்கவும் இல்லை. ஒவ்வொரு வருடமும் விண்ணப்பம் தொடங்க முன்னம் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போய், பெற்றோர் கூட்டத்தில் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கி, பங்கீட்டு முறையை விளங்கப்படுத்தினேன். முதல் வருடம் பாதிப் பேர் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்த ஐந்து நிமிடத்தையும் பேசித்தான் இறங்கினேன். அடுத்த வருடமும் போனேன். அதற்கு அடுத்த வருடம் ஒரு தகப்பன் கை உயர்த்திக் கேள்வி கேட்டார்.

இப்போது விதிகள் மாறிவிட்டன. பங்கீட்டைக் கணினி செய்கிறது, மட்டை தேவை இல்லை, யாரும் பஸ்ஸில் ஏறுவதும் இல்லை என்று கேள்வி. விதி இன்னும் மாறும். நாளைக்குக் கிட்ட இருப்பவருக்கு இடம் என்று வரலாம், தூர இருப்பவருக்கு என்று வரலாம். அதற்கேற்ப விலாசத்தை மாற்றிக்கொண்டு ஓடினால் எங்கே போய் நிற்போம்? என்னிடம் கேட்ட தாய்க்கு வாசலில் சொன்ன பதிலைத்தான் இங்கேயும் சொல்கிறேன், இந்த முறை உரக்கச் சொல்லாமல்.

இன்னும் ஒன்று எழுத வேண்டியிருக்கிறது.

அந்தச் சம்பவம் நடந்து மூன்று வருடம் கழித்து, ஆனி மாதம், ஒரு வியாழக்கிழமை. நான் தோட்டத்தில் தக்காளிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது.

"அக்கா, ரஞ்சினி கதைக்கிறன்."

மூன்று வருடத்துக்குப் பிறகு கேட்ட குரல். தண்ணீர்க் குழாயை நிற்பாட்ட மறந்துவிட்டேன்.

"சொல்லுங்கோ ரஞ்சினி."

"ஆரணி தொப்பி போட்டிட்டாள்."

ஜிம்னாசியம் முடித்தவர்களுக்கு வெள்ளைத் தொப்பி போடுவார்கள். பிறகு வகுப்பு முழுவதும் சோடித்த ஒரு லொறியில் ஏறி, ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் போகும். ஒரு வீட்டையும் விடக் கூடாது. வீட்டாட்கள் வாசலில் நின்று குடிக்கவும் சாப்பிடவும் கொடுப்பார்கள். எங்கள் பகுதியான நடு ஜட்லாண்டில் ஆனி மாதம் முழுக்க அந்த லொறிகள் கத்திக்கொண்டு திரியும்.

"சனிக்கிழமை மூண்டு மணிக்கு லொறி எங்கட வீட்டை வருது," என்றார் ரஞ்சினி. "அவளின்ரை வகுப்புப் பிள்ளையள் முழுப்பேரும். றோல்ஸ் சுடவேணும், கையுதவிக்கு ஆள் காணாது. இவரும் உங்களைக் கூப்பிடச் சொன்னவர். காலமையே வாங்கோ."

"வாறன்," என்றேன்.

பிறகு கேட்டார், "விலாசம் தெரியும்தானே?"

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. உள்ளே போய்ப் பேனையும் துண்டுக் கடதாசியும் எடுத்துக்கொண்டு, "சொல்லுங்கோ, எழுதிறன்," என்றேன்.

வீதியின் பெயரில் தொடங்கி, வீட்டு இலக்கம், கிராமம், தபால் இலக்கம் என்று ஒன்றையும் விடாமல், ஆறுதலாக, ரஞ்சினி தன் வீட்டு விலாசத்தைச் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன்.